கவுண்டரில் இருக்கும் எலுமிச்சம்பழம் திருஷ்டிக்கு அல்ல

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கவுண்டரில் கண்ணாடித் தட்டில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கிறதே, அது திருஷ்டிக்கு இல்லை. போன வாரம் உங்களில் ஒருவர் அதை இரண்டாக வெட்டிக் குங்குமம் தடவி வாசலில் வைத்துவிட்டாராம். நல்ல மனசு. ஆனால் அந்தக் குங்குமக் கையோடு ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையையும் மடித்து வைத்தாராம். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடைப் பொறுப்பை மகளிடம் விட்டுவிட்டேன். வாயை இன்னும் விடவில்லை.

நான் தேங்காய்த்திட்டில் பிறந்தவன். அப்பா, சித்தப்பா, மாமா எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். நானும் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வலை இறங்குவதற்கு முன்னால் என் வயிற்றில் இருந்தது கடலில் இறங்கிவிட்டது. நாலாவது தடவை படகுக்காரர், "ஏம்பா, நீ ஏறினா மீனு ஓடுது, எறங்கிக்க" என்று கரையிலேயே விட்டுவிட்டார். படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. அப்படிப்பட்டவன் டவுனுக்கு வந்து, ஒரு சலவைக் கடையில் துணி மடிக்க ஆரம்பித்து, கறை எடுப்பதில் பாண்டியிலேயே என்னை விட்டால் ஆள் இல்லை என்கிற இடத்துக்கு வந்தேன். தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளலாம். கடற்கரைப் பக்கத்துப் பெரிய ஹோட்டல்களில் மேசை விரிப்பில் ஒயின் கொட்டினால் யாருக்குப் போன் வருகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

எந்திரத்தை எப்படி ஓட்டுவது, எந்தப் பொடி எத்தனை ஸ்பூன் என்பதெல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் டிப்ளமோ படித்தவர்கள், படித்துக்கொள்வீர்கள். பெட்டியில் எழுதாததைத்தான் நான் சொல்லப்போகிறேன்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அந்த முதல் கடையில் கறை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர். பெயரைச் சொன்னால் அவர் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், ஏனென்றால் இது அவர் என் மேல் எச்சில் துப்பிய கதை. எனக்கு அப்போது இருபது வயது. சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "கறைன்னா எல்லாம் ஒண்ணுதானே, நல்லாத் தேச்சா போவப்போவுது" என்று எதற்கோ சொல்லிவிட்டேன். பெரியவர் மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்தார்.

"இது என்னாடா?"

"வெத்தல."

நாலாகக் கிழித்தார். "இப்ப?"

"கிழிஞ்ச வெத்தல."

உள்ளங்கையில் வைத்து நன்றாகக் கசக்கினார். "இப்ப?"

"கசங்கின வெத்தல. என்னா பெரியவரே, ஒண்ணாங்கிளாஸ் பாடமா?"

அதில் சுண்ணாம்பைத் தடவினார், பாக்கை வைத்தார், வாயில் போட்டு நிதானமாக மென்றார். நான் அந்த வாரம்தான் வாங்கியிருந்த வெள்ளைச் சட்டையின் பை மேல் பளிச்சென்று துப்பினார்.

"இப்ப இதுல வெத்தல எங்க இருக்குது? எடுத்துக் குடு பாக்கலாம்."

நான் கெட்ட வார்த்தை சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கிழிச்சேன், கசக்கினேன், அது வெத்தலையாவே இருந்துது. வாடிப் போனாலும் வெத்தலதான், தண்ணி தெளிச்சா கொஞ்சம் நிமிரும். சுண்ணாம்பும் பாக்கும் சேந்தப்புறம் அது வேற ஆளு. பச்சை இலைக்குள்ள செவப்பு எங்கடா இருந்துது? புதுசாப் பொறந்துது. கறைன்னு ஒண்ணு வந்தா, பழைய ஆளு வேஷம் மாத்திக்கினு உக்காந்துருக்கானா, புது ஆளு பொறந்துருக்கானான்னு பாரு. அப்புறம் கை வை" என்றார்.

அந்தச் சட்டையை நான் எட்டு தடவை அலசினேன். கறை இளஞ்சிவப்பாகி அங்கேயே தங்கிவிட்டது. அதைப் போட்டுக்கொண்டே இரண்டு வருஷம் வேலைக்குப் போனேன்.

பள்ளிக்கூடத்தில் இதை இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் என்று சொல்வார்களாம். எனக்கு அந்த வகுப்பு வருவதற்குள் பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. ஆனால் மெழுகுவத்தி சொட்டிய மாதா கோயில் அங்கியை ஒருத்தன் மண்ணெண்ணெயில் முக்கப் போனபோது தடுத்து, மேலே பழைய பேப்பரை வைத்து இஸ்திரிப் பெட்டியால் சூடாக ஒரு இழுப்பு இழுத்தேன். மெழுகு உருகிப் பேப்பரில் ஏறிக்கொண்டது. உறைந்தாலும் உருகினாலும் அது மெழுகுதான், புது ஆள் யாரும் பிறக்கவில்லை. அதே பெட்டியை மறந்து வைத்துக் கருகிய பேன்ட்டைக் கொண்டுவந்து, "மாஸ்டர், எதுனா பண்ணு" என்று அவனே அடுத்த வாரம் நின்றான். கருகியது துணியே இல்லை, கரி. "பெரிய பாக்கெட்டா வச்சு மறைச்சுத் தச்சுடு" என்று சொல்லி அனுப்பினேன்.

நான் செய்த தப்பும் உண்டு. ஒரு ஹோட்டலின் டீக்கறை பட்ட நாப்கின்களைத் துருப்பிடித்த இரும்புத் தொட்டியில் ஊற வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் பழுப்பாக இருந்தது எல்லாம் மை ஊற்றினது போலக் கறுத்துக் கிடந்தது. டீத்தூளும் இலைதான் என்பதும், அதன் சாறும் இரும்பும் சேர்ந்தால் வேறு ஆள் பிறக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவரிடம் தொட்டி மேல் பழி போட்டேன். "தொட்டியாடா ஊற வச்சுது?" என்று கேட்டார். அதோடு சரி.

அவர் சொன்னதிலிருந்து எனக்கென்று ஒரு சூத்திரத்தை உண்டாக்கிக்கொண்டேன். மாறியது திரும்பி வந்தால் முதல் வகை, திரும்பி வராவிட்டால் இரண்டாவது வகை. இருபது வருஷம் இதை எல்லாருக்கும் சொன்னேன். அது பாதி தப்பு என்று என்னிடம் சொன்னது ஒரே ஒரு பெண்.

பெரியவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். துணியைத் தொடுவதற்கு முன் கொண்டுவந்த ஆளைக் கேள். என்ன பட்டது, எப்போது பட்டது, நீங்கள் அதில் என்ன போட்டீர்கள். மூன்று கேள்வி. சொந்தக் கடை வைத்த பிறகும் பல வருஷம் தவறாமல் கேட்டேன். பெயர் பெரிதானதும் கேட்பதை விட்டேன். பெரிய டாக்டர்கள் நம்மை வாய் திறக்க விடாமலே மருந்து எழுதுவார்களே, அந்த மாதிரி ஆகிவிட்டேன். பார்த்தாலே தெரியும் என்கிற திமிர்.

அந்தத் திமிரில் இருந்த காலத்தில், ஒரு மே மாதம் காலை ஒன்பது மணிக்கு ஒரு அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். சொல்தா குடும்பம். வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். கடையில் எல்லாரும் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவோம். கையில் வெள்ளைப் பட்டில் மகளின் கல்யாண அங்கி. பிரான்சில் இருக்கும் தங்கை அனுப்பியது. கவுன் என்று சொன்னால் மதாமுக்குப் பிடிக்காது, ரோப் என்று சொல்ல வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு மாதா கோயிலில் கல்யாணம்.

மாப்பிள்ளை வீடு கருவடிக்குப்பம், ஊர்ச் சடங்கு எதையும் விடாத குடும்பம். பிள்ளைகள் தாங்களாகவே பார்த்துப் பிடித்துப்போன கல்யாணம், மதாம் ஒத்துக்கொள்ள இரண்டு வருஷம் ஆனது. மாப்பிள்ளையின் அக்காவும் ஸ்கூட்டியில் பின்னாலேயே வந்திருந்தார். சின்னப் பிள்ளைகளுக்கு சயின்ஸ் எடுக்கிற டீச்சர். முந்தின நாள் சாயங்காலம் பெண்ணுக்கு நலுங்கு வைத்ததும், கையில் மருதாணி அரைத்து வைத்ததும் அவர்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்டால்தானே தெரியும்.

மதாம் அங்கியை விரித்தார். கழுத்திலும் இடது கை மணிக்கட்டுப் பக்கமும் லேசான மஞ்சள்.

"மாஸ்டர், இத மட்டும் எடுத்துக் குடுத்துடு. பொண்ணு இன்னொரு தரம் போட்டுப் பாக்குறேன்னு—"

"புரியுது மதாம். பெட்டியில கெடந்த பட்டு மஞ்சளாத்தான் ஆவும். உக்காருங்க, பத்து நிமிஷம்."

அவர் வாக்கியத்தை நான் முடிக்க விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பட்டுக்கென்று நான் கலக்கி வைத்திருக்கும் சோப்புத் தண்ணீரைப் பஞ்சில் தொட்டு, கழுத்தில் ஒரு தடவு, கையில் ஒரு தடவு. வெள்ளைப் பட்டில் ரத்தம் கசிந்தது போல இரண்டு இடமும் சிவந்தது.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மஞ்சள். நலுங்கு மஞ்சள். சோப்பு பட்டால் சிவக்கும் என்பது இந்த ஊரில் மஞ்சள் பூசிக் குளித்த எல்லாருக்கும் தெரியும். எலுமிச்சைச் சாறு பட்டால் பழையபடி மஞ்சளாகும், பிறகு வெயிலில் காட்டினால் அந்த மஞ்சளும் வெளுத்துவிடும் என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பயம் இல்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான். மதாம், கேட்காமல் சோப்பு போட்டுவிட்டேன்.

அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் மதாம் கவுண்டருக்கு இந்தப் பக்கமே வந்துவிட்டார்.

"மோன் தியே. மருதாணி."

பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்ட கையோடு டீச்சர் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேன், எங்க வீட்டுல மருதாணியெல்லாம் வேணாம்னு. கேட்டியா நீ? கையில ஈரத்தோட ரோப்பைத் தொட வச்சிருக்க. ராத்திரி பூரா ஊறி, இப்ப தண்ணி பட்டதும் செவந்து நிக்குது பாரு."

டீச்சர் அங்கியைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த பஞ்சைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. ஒன்றும் சொல்லவில்லை.

நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் என்று உள்ளபடி சொல்கிறேன், நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பட்டில் பிடித்த மருதாணியை எடுத்த ஆள் இந்தக் கடற்கரையில் எவனும் கிடையாது. இலையாக ஒட்டியிருக்கும்போது வழித்துப் போட்டுவிடலாம், காய்ந்து நிறம் பட்டில் ஏறிவிட்டால் பட்டும் அதுவும் ஒன்றுதான். இப்போது எல்லாரும் இதை மருதாணி என்று நம்புகிறார்கள். நான் உள்ளே எடுத்துப் போய் எலுமிச்சம்பழம் பிழிந்து, மொட்டைமாடியில் காயப்போட்டு, ஒரு மணிக்கு வெள்ளையாகக் கொண்டுவந்து நீட்டினால், பட்டில் மருதாணி எடுத்த மாஸ்டர் என்று சாகிற வரைக்கும் சொல்வார்கள். என் தப்பும் மறையும், என் பெயரும் ஏறும். இரண்டும் ஒரே எலுமிச்சம்பழத்தில்.

"கொஞ்சம் கஷ்டம்தான் மதாம்" என்றேன். முகத்தையும் அதற்குத் தகுந்தபடி வைத்துக்கொண்டேன். "ஆனா பாக்கலாம்."

மதாம் டீச்சரை விடவில்லை. "உங்க வீட்டுப் பழக்கத்தையெல்லாம் எங்க பொண்ணு மேல தடவிப் பாக்குறீங்க. இன்னும் கல்யாணமே ஆவல, அதுக்குள்ள இது."

"அத்தை, மருதாணின்னா இவ்ளோ பெரிசா ஒரே மாதிரி—"

"நீ பேசாத. ஸ்கூல்ல போயி பாடம் எடு."

டீச்சர் மறுபடி என்னைப் பார்த்தார். வகுப்பில் பதில் தெரிந்த பையன் எழுந்து நிற்கட்டும் என்று டீச்சர்கள் காத்திருப்பார்களே, அந்தப் பார்வை. நான் எலுமிச்சம்பழத்தைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். அது என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது, காலையில் மோருக்கு வாங்கியது.

சுவரில் கடிகாரம் ஒன்பதே கால் காட்டியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் அதைக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது மதாம் கடைசியாக ஒன்று சொன்னார்.

"சாயங்காலம் நீ பொண்ணுகிட்ட வரவே கூடாது. கோயில்ல பின்னால எங்கயாச்சும் உக்காரு. உன் தம்பிகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

போனை எடுத்தார். டீச்சர் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டு, "சரிங்க அத்தை. வரல" என்றார். சத்தம் இல்லை, அழுகை இல்லை. ஒரே தம்பி, அவன் கல்யாணத்தில் பின் வரிசை. ஒரு குளவி போல என் காதுக்குள் பெரியவரின் குரல் சுற்றியது. தொட்டியாடா ஊற வச்சுது?

"மதாம், போனை வைங்க" என்றேன். "அது மருதாணி இல்ல. நலுங்கு மஞ்சள். அதைச் செவப்பாக்கினது நானு. உங்களை ஒரு வார்த்த கேக்காம சோப்பு போட்டேன்."

மதாம் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. "அப்ப இவ்ளோ நேரமா வாய மூடிக்கினு நின்ன?"

"ஆமா."

"ஏன்?"

"மருதாணிய எடுத்தவன்னு பேரு வாங்கலாம்னு."

நான் எலுமிச்சம்பழத்தை அவர் கண் முன்னாலேயே அறுத்தேன். சாற்றைத் தண்ணீரில் கலந்து பஞ்சில் தொட்டுக் கழுத்தில் வைத்தேன். சிவப்பு விலகி மஞ்சள் வந்தது. மதாம் கவுண்டர் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கையில் வைத்தேன். அங்கேயும் மஞ்சள். உள்மடிப்பைத் திருப்பினேன்.

அங்கே துவரம் பருப்பு அளவுக்கு ஒரு புள்ளி. சாறு பட்டும் மாறவில்லை. இன்னொரு தடவை வைத்தேன். செம்பழுப்பாக, அப்படியே, அசையாமல்.

நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போயிருந்தால், மருதாணியை எடுத்துவிட்டேன் என்று ஒரு மணிக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருந்தால், அந்தப் பருப்பு என் கடையை மூடியிருக்கும்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "இது மட்டும் என்னுது, அத்தை" என்றார். "மருதாணிதான். காயறதுக்குள்ள போட்டுப் பாத்துருக்குது."

மதாம் புள்ளியைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரை முதலில் திட்டுவது என்று அவருக்கு வரிசை கிடைக்கவில்லை.

"இது போவுமா?"

இந்தக் கேள்விக்கு நான் இருபது வருஷமாக ஒரே பதில்தான் சொல்லிவந்தேன், என்னிடம் விடுங்கள் என்று. அன்றைக்கு முதல் தடவையாக வேறு சொன்னேன். "போவாது மதாம். யார்கிட்ட குடுத்தாலும் போவாது. பிளீச்சிங் வச்சா புள்ளி இருக்கும், பட்டு இருக்காது."

மதாம் அங்கே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மகளுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், பதற்றத்தில் எது அமுங்கியதோ. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னார். அந்தப் பக்கத்தில் பெண் முழுசாகக் கேட்டுவிட்டு, "மம்மா, உள்பக்கந்தானே? நான்தான் ஈரக் கையோட போட்டேன். அண்ணி வேணாம் வேணாம்னு கத்துச்சு" என்றது. அதோடு நிற்காமல், "அண்ணி அங்க இருக்குதா? சீக்கிரம் வரச் சொல்லு, கொண்டை போடணும்" என்றது.

மதாம் போனை மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு கேட்கிற ஆள் இல்லை அவர். டீச்சரிடம், "ஸ்கூட்டியில பெட்ரோல் இருக்குதா?" என்று மட்டும் கேட்டார். இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். மதாம் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து, டீச்சரின் தோளைப் பிடித்துக்கொண்டு போனதை வாசலில் நின்று பார்த்தேன்.

மொட்டைமாடியில் ஈர அங்கியை விரித்து, நானே பக்கத்தில் நின்றேன். காக்கை வேறு இருக்கிறது, யாரையும் நம்பமுடியாது. மே மாத வெயிலில் மஞ்சள் கண்ணெதிரே வெளுத்தது. ஒரு மணிக்கு அங்கி வெள்ளை, என் மண்டைதான் கறுத்திருந்தது. எடுத்துப் போக டீச்சரே வந்தார்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்களுக்கு மஞ்சத்தாள் வச்சு நானே செஞ்சு காட்டுறேன். சோப்புத் தண்ணி விட்டா செவப்பு."

"அப்ப சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா, தப்பிக்கப் பாக்குறேன்னு சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் நிக்கும். சொல்லுவீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன். ரொம்ப நேரம் எடுத்துக்கினீங்க மாஸ்டர்."

பேச்சை மாற்ற என் சூத்திரத்தை எடுத்துவிட்டேன். மஞ்சள் சிவந்து மறுபடி மஞ்சளானதால் அது முதல் வகை, வேஷம் மாற்றிய பழைய ஆள்தானே என்று. டீச்சர் சிரித்தார். "இல்ல மாஸ்டர். அதுவும் வேதியியல்தான். செவப்பா இருந்தது வேற பொருளு. சில மாற்றம் திரும்பி வரும், சிலது வராது. திரும்பி வருதான்னு பாத்து ஏமாறாதீங்க. புதுசா ஒண்ணு பொறந்துதான்னு பாருங்க."

பெரியவரும் அதைத்தான் சொல்லியிருந்தார். சட்டை மேல் துப்பியே சொன்னார். நான்தான் எனக்கு வசதியாக மாற்றிக்கொண்டேன்.

ஆகவே பிள்ளைகளே, தட்டில் இருக்கும் அந்தப் பழத்தை யாரும் வாசலில் வைக்க வேண்டாம், மோருக்கும் பிழிய வேண்டாம். துணி வந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். மறந்துவிட்டீர்கள், உங்கள் கையின் கீழ் ஏதோ ஒன்று சிவந்துவிட்டது என்றால் எலுமிச்சம்பழத்தை வெட்டுங்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் சோப்பு போட்டது யார் என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பதினைந்து நிமிஷம் ஆனது. நீங்கள் படித்தவர்கள், சீக்கிரம் முடித்துவிடலாம்.

வக்கீல் சட்டையை மாடியில் காயப்போட்டிருக்கிறேன். குங்குமம் பாதி போய்விட்டது. சாயங்காலம் அவர் வரும்போது கவுண்டரில் நிற்கப்போவது யார் என்று மூன்று பேரும் பேசி முடிவு செய்யுங்கள். நான் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.